விலைக்குப் போகாத வீடு: பாசடீனாவின் கேம்பிள் இல்லமும் அதைச் சுற்றிக் காட்டும் முறையும்

கலிஃபோர்னியாவுக்குச் செல்பவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த, மரத்தையும் கைவேலையையும் மறைக்காமல் காட்டும் கிராஃப்ட்ஸ்மேன் பாணி வீடு ஒன்றையாவது உள்ளே நுழைந்து பார்க்க விரும்பினால், பாசடீனா நகரின் வெஸ்ட்மோர்லண்ட் பிளேஸ் தெருவில் 4 என்ற எண்ணில் நிற்கும் கேம்பிள் இல்லத்தை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும்படி நான் தயங்காமல் சொல்வேன். அழகான கிராஃப்ட்ஸ்மேன் வீடுகள் அந்த ஊரிலேயே இன்னும் பல உண்டு. ஆனால் வீட்டை வரைந்தவர்களே வரைந்த மேசையும் நாற்காலியும் விளக்கும் விரிப்பும், எந்த அறைக்கென்று செய்யப்பட்டனவோ அந்த அறையிலேயே நூறாண்டுக்கு மேலாக நிலைத்திருப்பதைக் காண்பது மிக அரிது. அந்த முழுமை எப்படிக் கைகூடியது என்பதற்கான விடையில் பாதி தச்சு வேலையில் இருக்கிறது. மறுபாதி, வீடு யார் யார் கையில் இருந்தது, யார் கைக்குப் போகாமல் தப்பியது என்ற வரலாற்றில் இருக்கிறது. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே செல்பவருக்கே இந்தச் சுற்று முழுப் பயன் தரும்.

வீட்டைக் கட்டுவித்தவர் டேவிட் பெர்ரி கேம்பிள். சோப்புத் தொழிலில் பெயர் பெற்ற புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கேம்பிளின் மகன். சின்சினாட்டியில் வாழ்ந்த அவரும் மனைவி மேரியும், அவர் 1895-ல் பணி ஓய்வு பெற்றபின், குளிர்காலத்தைப் பாசடீனாவில் கழித்துவந்தார்கள். அக்காலத்தில் நாட்டின் கிழக்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் இருந்த செல்வர்கள் பலர் பனிக்காலத்தில் வெயிலைத் தேடிப் பாசடீனாவின் பெரிய விடுதிகளில் வந்து தங்குவது வழக்கம். அவர்களில் சிலர் சொந்த வீடே கட்டிக்கொண்டார்கள். கேம்பிள் தம்பதியர் அரோயோ செகோ என்னும் பள்ளத்தாக்கின் விளிம்பில் மனை வாங்கி, சார்லஸ் சம்னர் கிரீன், ஹென்றி மேதர் கிரீன் என்ற சகோதரர்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 1908-ல் கட்டத் தொடங்கிய வீடு மறு ஆண்டே குடிபுகும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்கென்று வரைந்த அறைகலன்கள் அதன்பின் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

கிரீன் சகோதரர்களின் பயிற்சி இந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. பதின்ம வயதில் செயின்ட் லூயிஸ் நகரின் கைத்தொழில் பயிற்சிப் பள்ளியில் மரத்தையும் இரும்பையும் கையாளக் கற்றபின்தான் அவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டிடக்கலை படித்தார்கள். எந்த மரம் எப்படி விரியும், எப்படிச் சுருங்கும் என்பது அவர்களுக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்னமே கைக்குத் தெரிந்திருந்தது. 1893-ல் பாசடீனாவுக்கு வரும் வழியில் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜப்பானிய அரசு எழுப்பியிருந்த மரக் கட்டிடத்தை அவர்கள் பார்த்தது பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி. ஜப்பானிய மரக் கட்டுமானத்தின் மீது சார்லஸுக்கு ஏற்பட்ட ஈர்ப்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. ஆனால் அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. இந்த வீட்டை ஜப்பானிய வீட்டின் நகல் என்று சொல்லிவிடுவது எளிது, தவறும்கூட. படங்களிலும் நூல்களிலும் கண்டதைக் கலிஃபோர்னிய வெயிலுக்கும் அமெரிக்கக் குடும்பத்தின் வாழ்க்கைக்கும் ஏற்றபடி இவர்கள் தாமே புதிதாகச் சிந்தித்திருக்கிறார்கள்.

வெளித்தோற்றத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும். சுற்றுக்கு என்று குறித்த நேரத்துக்கு முன்னதாகவே போய், புல்வெளிச் சரிவிலிருந்து வீட்டை நிதானமாகப் பார்ப்பது நல்லது. அகலமான, சாய்வு குறைந்த கூரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விரிந்து நிற்க, கைமரங்களின் முனைகள் கூரை விளிம்பையும் தாண்டி வெளியே நீண்டிருக்கின்றன. சுவர்களைப் போர்த்தியிருப்பவை பிளந்தெடுத்த ரெட்வுட் மரச்சில்லுகள். மேல்மாடியில் படுக்கையறைகளை ஒட்டித் திறந்த தூங்கும் தாழ்வாரங்கள் இருக்கின்றன. இரவுக் காற்றில் திறந்தவெளியில் தூங்குவது உடல்நலத்துக்கு உகந்தது, காசநோய் போன்ற நுரையீரல் நோய்களை அண்டவிடாது என்று அந்தக் காலத்து மருத்துவ நம்பிக்கை வலியுறுத்தியதால் வந்த அமைப்பு இது. ஆனால் அதுவே வீட்டின் உருவத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியமாகிவிட்டிருக்கிறது. பின்புறத் தளத்தின் மதிலில், சூளையில் அளவுக்கு மீறி வெந்து நெளிந்து கறுத்துப்போன செங்கற்களை உருண்டைக் கற்களோடு கலந்து அடுக்கியிருக்கிறார்கள். மற்றக் கொத்தனார்கள் ஒதுக்கித் தள்ளும் கல் அது. இங்கே மண்ணிலிருந்து வீடு முளைத்தது போன்ற தோற்றம் அதனால்தான் வருகிறது.

முன்வாசலைத் தாண்டியதும் வீட்டின் இயல்பே மாறுகிறது. அகன்ற தேக்குச் சட்டங்களுக்குள் பதித்த வண்ணக் கண்ணாடியில் ஒரு பெரிய ஓக் மரம் கதவு, பக்கவாட்டுப் பலகணி, மேற்கண்ணாடி என்று எல்லாவற்றின் மீதும் கிளை பரப்பி நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கண்ணாடிக் கலைக்கூடம் நடத்திய எமில் லாங்கே செய்து தந்த வேலை அது. வாசல் கிழக்கு நோக்கியது என்பதால், காலைச் சுற்றில் செல்பவர்களுக்குப் பழுப்பும் பச்சையும் பொன்னிறமும் கலந்த வெளிச்சம் கூடத்தின் மரச்சுவர் மீது விழுவதைக் காணும் வாய்ப்பு உண்டு. வெளியிலிருந்து பார்க்கும்போது மங்கலாகத் தெரியும் அதே கண்ணாடி, உள்ளே நின்று திரும்பிப் பார்க்கும்போதுதான் உயிர் பெறுகிறது. ஆகவே வழிகாட்டி அடுத்த அறைக்கு அழைத்தாலும், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கூடத்திலிருந்து மேலேறும் பர்மா தேக்குப் படிக்கட்டை நான் மற்ற எதையும் விட அதிக நேரம் பார்த்தேன். சாய்வாக ஓடும் கைப்பிடி இதில் இல்லை; படியோடு படியாகக் கைப்பிடியும் மேகத்தின் விளிம்பு போல் மெல்ல வளைந்து ஒவ்வொரு நிலையாக உயர்கிறது. பலகை மூலைகள் விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றில் ஒன்று புகுந்து பூட்டிக்கொண்டிருக்கின்றன; அந்த மூட்டை மறைக்க யாரும் முயலவில்லை, அதுவே அலங்காரம். ஓர் ஓரம்கூடக் கூர்மையாக விடப்படாமல், எல்லா விளிம்பும் உருட்டி இழைக்கப்பட்டிருக்கிறது. வீடெங்கும் மரப்பரப்பிலிருந்து மயிரிழை அளவு உயர்ந்து நிற்கும் சதுரக் கருங்காலி முளைகளையும் கூர்ந்து பார்க்க வேண்டும். அவற்றில் பல, அடியிலுள்ள திருகாணிகளை மூடுபவை. அந்தத் திருகாணிகள் நீள்துளைகளுக்குள் இறுக்கப்பட்டிருப்பதால், பருவத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்க இடம் கிடைக்கிறது, பலகை வெடிப்பதில்லை. அலங்காரமாகத் தெரிவது பெரும்பாலும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை உணரும் கணத்தில் இந்த வீட்டின் மீதான மதிப்பு இரட்டிப்பாகிறது. இதையெல்லாம் வரைபடத்திலிருந்து மரத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்வீடனில் பிறந்த பீட்டர் ஹால், ஜான் ஹால் என்னும் சகோதரர்களும் அவர்களுடைய பட்டறைத் தச்சர்களும். கட்டிடக் கலைஞர்களின் பெயர் நிலைத்த அளவுக்கு இவர்கள் பெயர் வெளியே பரவவில்லை. சுற்றின்போது வழிகாட்டிகள் இவர்களை மறக்காமல் குறிப்பிடுவதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

வரவேற்பறையின் கணப்பைச் சுற்றித் தனி அறைபோல் ஒதுங்கி, இருபுறமும் இருக்கை கொண்ட மாடம் ஒன்று இருக்கிறது. கேம்பிள் குடும்பச் சின்னமான கொக்கும் ரோஜாக்கொடியும் வீட்டின் பல இடங்களில் முழுதாகவோ பகுதியாகவோ தலைகாட்டுகின்றன. ஜப்பானிய வாளின் கைக்காப்புத் தகட்டின் வடிவம் அறைகலன்களிலும் வேறு பொருள்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு மரம் தலைமை தாங்குகிறது: கூடத்தில் தேக்கு, உணவறையில் மஹோகனி, விருந்தினர் அறையின் கலன்களில் வெள்ளிக் கம்பி பதித்த மேப்பிள்.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். வீடு இருட்டானது. வெயில் உள்ளே புகாமல் தடுக்க நீட்டிய கூரை விளிம்புகளும், எண்ணெய் ஏறிப் பழுத்த மரச்சுவர்களும், வண்ணக் கண்ணாடி விளக்குகளும் சேர்ந்து நண்பகலிலும் அந்தி நேரத்து ஒளியையே தருகின்றன. கோடைக்கு அது இதம். குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஒரு குடும்பத்துக்கு அது எப்போதும் இதமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, எளிமையும் கைவேலையின் நேர்மையும் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதே கிராஃப்ட்ஸ்மேன் இயக்கம் பேசிய கொள்கை. அறைகலன் தயாரிப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லி 1901-ல் தொடங்கிய இதழ் நடுத்தரக் குடும்பங்களுக்கான வீட்டு வரைபடங்களை வெளியிட்டது. 1908 முதல் சியர்ஸ் என்னும் அஞ்சல்வழி வணிக நிறுவனம் வீட்டையே பகுதி பகுதியாக அஞ்சல் வழி விற்றது. அதே 1908-ல் தொடங்கிய இந்த வீடு, அந்த இயக்கத்தின் உச்சம் என்று கொண்டாடப்பட்டாலும், பெரும் செல்வம் இல்லாமல் நினைத்துப்பார்க்கவும் முடியாதது. வீட்டைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. சிறிய கிராஃப்ட்ஸ்மேன் வீடு ஒன்றையும் பார்த்தால்தான் படம் நிறைவுபெறும் என்பதற்காகவே சொல்கிறேன்.

சமையலறையில் இந்த முரண்பாடு ஓரளவு தணிகிறது. வெள்ளை ஓடு பதித்த சுவர், மேப்பிள் மர அலமாரிகள், நடுவே பெரிய வேலை மேசை என்று வெளிச்சமும் சுத்தமும் நிறைந்த அறை அது. வீட்டுக்காரர்கள் நடமாடாத, பணியாளர்கள் மட்டுமே புழங்கிய இடம் என்பதற்காகத் தச்சு வேலையில் தரத்தைக் குறைக்கவில்லை. விருந்தினர் பார்க்கும் அறைகளில் உள்ள அதே கவனம் இங்கேயுள்ள இழுப்பறைகளிலும் இருக்கிறது. வழிகாட்டியிடம் கேட்க விரும்பும் கேள்விகளை இந்த அறைக்காகச் சேமித்து வைத்திருங்கள். அந்தக் காலத்து வீட்டு வேலை எப்படி நடந்தது என்பதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் வீட்டில் வேறில்லை.

இனி, உடைமை வரலாறு. டேவிட் கேம்பிள் 1923-லும் மேரி 1929-லும் மறைந்தார்கள். அவர்களுடன் வாழ்ந்துவந்த மேரியின் தங்கை ஜூலியா, தாம் 1943-ல் இறக்கும்வரை அந்த வீட்டிலேயே இருந்தார். வீட்டின் வரலாற்றில் இவர் பெயரை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம்; எனக்கோ இவர்தான் முக்கியமானவராகத் தெரிகிறார். கிராஃப்ட்ஸ்மேன் பாணி பழசாகி, கனமான மர வேலைப்பாடு நாகரிகமற்றதாகக் கருதப்பட்டு, பல வீடுகளில் மரச்சுவர்களுக்கு வண்ணம் பூசப்பட்ட காலம் அது. கிரீன் சகோதரர்களுக்கே வேலை குறைந்து, சார்லஸ் 1916-ல் கார்மல் நகருக்குக் குடிபெயர்ந்து, 1922-ல் அவர்களுடைய கூட்டு நிறுவனமும் கலைந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் இந்த வீட்டில் ஒரு வயதான பெண்மணி எதையும் மாற்றாமல் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். வீடு பிழைத்ததற்கு அது போதுமானதாக இருந்தது.

அதன்பின் மூத்த மகன் சிசில், மனைவி லூயிஸுடன் குடிவந்தார். (மற்ற இரு மகன்களும் வேறு துறைகளில் பெயர் பெற்றவர்கள், சிட்னி கேம்பிள் சீனாவில் எடுத்த ஒளிப்படங்களும் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) நகரைப் பற்றிச் செய்த சமூக ஆய்வும் இன்றும் மதிக்கப்படுகின்றன.) ஒரு கட்டத்தில் சிசில் தம்பதியர் வீட்டை விற்றுவிட எண்ணினார்களாம். பார்க்க வந்தவர்களில் ஒருவர், உள்ளேயுள்ள மர வேலை முழுவதற்கும் வெள்ளை வண்ணம் அடித்தால் வீடு பிரகாசமாகும் என்று பேசியது காதில் விழுந்ததும் விற்கும் எண்ணத்தையே கைவிட்டார்கள் என்று இந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தேக்கின் மீது வெள்ளை வண்ணம் என்பதைக் கேட்டுச் சுற்றில் உள்ளவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் அது அன்று யாரும் செய்யக்கூடிய சாதாரணக் காரியம். 1966-ல் கேம்பிள் குடும்பம் வீட்டையும் அதன் அறைகலன்களையும் பாசடீனா நகருக்குக் கொடையாக அளித்தது. பராமரிக்கும் பொறுப்பில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலைப் பள்ளியும் பங்கேற்றது. 1977-ல் வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் உடைமை நகரிடமே இருக்கிறது.

கொடையின் அருமையை அறிய, கிரீன் சகோதரர்களின் மற்றப் பெரிய வீடுகளுக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். 1907-ல் பாசடீனாவின் ஓக் நோல் பகுதியில் மர வணிகர் ராபர்ட் பிளாக்கருக்காகக் கட்டிய வீடு இதைவிடப் பெரியது. அதன் தோட்டத்தை இதைவிட அழகானது என்று சொல்பவர்களும் உண்டு. பிளாக்கரின் மனைவி இறந்தபின் அந்தத் தோட்டம் மனைகளாகத் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டது. வீட்டுக்கென்றே செய்த அறைகலன்கள் சிதறின. 1985-ல் வீட்டை வாங்கிய வெளியூர்க்காரர் அதன் விளக்குகளைக் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டார். அது சட்டப்படி அவருடைய சொத்து. தடுக்க யாராலும் முடியவில்லை. ஊரில் எழுந்த கொதிப்பைத் தொடர்ந்து, கிரீன் சகோதரர்களின் வீடுகளிலிருந்து இத்தகைய பொருள்களை அகற்றுவதைக் கட்டுப்படுத்தும் விதியைப் பாசடீனா நகர்மன்றம் இயற்றியது. பின்னர் 1994-ல் வாங்கியவர்கள் பெரும்பாடுபட்டு வீட்டைச் சீரமைத்து, விளக்குகளுக்கு நேர்த்தியான பிரதிகள் செய்து பொருத்தினார்கள். பெர்க்லியில் உள்ள தார்சன் இல்லமோ 1940-களிலிருந்து ஒரு மாணவர் அமைப்பின் குடியிருப்பாக இருந்துவருகிறது. ஒரே கைகள் செய்த வீடுகள்தான் இவை. விற்கப்பட்டதா, கொடுக்கப்பட்டதா என்பதே அவற்றின் தலையெழுத்தைப் பிரித்திருக்கிறது.

பொதுவுடைமை ஆனதும் கவலைகள் தீர்ந்துவிடவில்லை. கூரை விளிம்பைத் தாண்டி நீண்ட கைமர முனைகள் அழகுதான். ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் முதலில் பலியாவதும் அவைதான். நீட்டியதில் கட்டிடக் கலைஞர்கள் அழகை முன்வைத்தார்கள், பராமரிப்பவர்களுக்கு நிரந்தர வேலையைத் தந்துவிட்டார்கள். 2003, 2004 ஆண்டுகளில் வெளிப்புறம் முழுவதும் சீரமைக்கப்பட்டபோது, உளுத்த பகுதிகளை மொத்தமாக வெட்டி எறியாமல், இயன்றவரை பழைய மரத்தைக் காப்பாற்றும் முறையே பின்பற்றப்பட்டது. வெளியே நிற்கும்போது கைமர முனைகளை அண்ணாந்து பார்த்தால் அந்தப் பொறுமையின் பலன் தெரியும்.

சுற்றின் நடைமுறை பற்றிச் சில சொற்கள். வழக்கமான சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். பயிற்சி பெற்ற தன்னார்வ வழிகாட்டிகள் சிறு குழுக்களாக அழைத்துச் செல்கிறார்கள். தொடங்கும் இடம் பழைய வண்டிக்கொட்டகையில் இயங்கும் புத்தகக் கடை. அந்தக் கொட்டகையும் கிரீன் சகோதரர்கள் வரைந்ததே என்பதால் காத்திருக்கும் நேரம் வீணாவதில்லை. முன்பதிவு செய்துகொள்வது நல்லது. மாடிக்குப் படியேறியே செல்ல வேண்டும் என்பதை முழங்கால் வலி உள்ளவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். எதையும் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு, இழைத்த மரத்தைக் கண்டதும் கை தானாக நீளும் இந்த வீட்டில் கடினமாகவே இருக்கும். ஆனால் ஆண்டு முழுதும் வருபவர்களின் விரல்களை எண்ணிப் பார்த்தால் அதன் நியாயம் புரியும். முதன்முறை செல்பவருக்கு ஒரு மணி நேரச் சுற்று போதுமானது. தச்சு வேலை தெரிந்தவர்களோ கட்டிடக்கலை மாணவர்களோ நீண்ட சிறப்புச் சுற்று நடக்கும் நாளைப் பார்த்துச் செல்வதே சரி; இந்த அறைகளில் ஒவ்வொரு மூட்டுக்கும் முன்னால் நிற்க விரும்புபவருக்கு ஒரு மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

சுற்று முடிந்ததும் உடனே கிளம்பிவிட வேண்டாம். சில நிமிட நடையில் அரோயோ டெரஸ் தெரு வரும். சார்லஸ் கிரீன் தமக்கென்று கட்டிக்கொண்ட வீடும் சகோதரர்கள் வரைந்த வேறு சில வீடுகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. எல்லாம் தனியார் குடியிருப்புகள் என்பதால் தெருவிலிருந்து மட்டும் பார்க்கலாம். நேரமிருந்தால் ஊரின் கிழக்கே பங்களா ஹெவன் என்னும் குடியிருப்புப் பகுதிக்கும் போங்கள். 1989-ல் பாசடீனாவின் முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட அங்கே, சாதாரணக் குடும்பங்களுக்காகக் கட்டிய நூற்றுக்கணக்கான சிறு கிராஃப்ட்ஸ்மேன் வீடுகள் இன்றும் மனிதர் வாழும் வீடுகளாகவே இருக்கின்றன. வரலாற்று மதிப்புள்ள வீட்டைப் பழைய தோற்றத்தோடு காப்பாற்ற ஒப்பந்தம் செய்துகொள்ளும் உடைமையாளர்களுக்குச் சொத்து வரியைக் குறைக்கும் மில்ஸ் சட்டம் கலிஃபோர்னியாவில் 1972 முதல் இருக்கிறது. கொடையளிக்க வசதியில்லாத உடைமையாளர்களுக்கும் பாதுகாப்பில் பங்கு தரும் நல்ல ஏற்பாடு அது.

பக்கத்து ஊரான சான் மரினோவில் உள்ள ஹண்டிங்டன் நூலகத்தின் கலைக்கூடத்தில் கிரீன் சகோதரர்களின் படைப்புகளுக்கென்று நிலையான காட்சி இருக்கிறது. அவர்கள் வரைந்த ராபின்சன் இல்லத்தின் உணவறையை அங்கே அதன் மேசை, நாற்காலிகள், தொங்கு விளக்கோடு மறுபடி அமைத்திருக்கிறார்கள். அதைக் கேம்பிள் இல்லத்துக்குப் பிறகு பார்ப்பதே நல்லது. வேலைப்பாட்டில் அந்த உணவறை எதற்கும் குறைந்ததல்ல. ஆனால் சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கும் பக்கத்து அறையிலிருந்து வரும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் அதே மரம் எவ்வளவு மாறித் தெரிகிறது என்பது, வீட்டோடு சேர்த்துப் பார்த்துவிட்டு வருபவருக்குத்தான் விளங்கும்.